சாம்பலும் கரியும்

குறிச்சி என்பது குறிஞ்சி நிலத்து ஊருக்கு வழங்கிய பெயர். கொல்லிமலை அடிவாரத்துப் பேளுக்குறிச்சியைக் கடக்கும்போதெல்லாம், சந்தையின் மல்லி, மிளகு வாசனைக்கு முன்பே அந்தப் பின்னொட்டு என்னைப் பிடித்துக்கொள்ளும். தமிழ் நடத்துகிறவனுக்குரிய நோய் இது. அதே நோயால் பல ஆண்டுகளாக வகுப்பில் ஒரு பிழையையும் சொல்லிவந்தேன்: காட்டைச் சுட்டுப் புனமாக்கித் தினை விதைத்த நம் முன்னோர், இன்று 'பயோசார்' என்று பேசப்படும் உயிர்க்கரியை அன்றே அறிந்திருந்தனர் என்று.

மலையிலிருந்து வரும் மாணவர் ஒருவர் எழுந்து, "ஐயா, சுட்ட காடு ரெண்டு மூணு வெள்ளாமைக்கு மேல தாங்காதுன்னு எங்க தாத்தா சொல்லுவாருங்க" என்றார்.

தாத்தா சொன்னதே சரி. வெட்டவெளியில் எரிவது பெரும்பாலும் சாம்பலாகிறது. அதன் சத்து சில மழைகளிலேயே சரிவில் வழிந்துவிடும். புதுப்புனத்துக்கு 'இதை' என்றும் பழம்புனத்துக்கு 'முதை' என்றும் சங்கத்தமிழ் தனிச்சொற்கள் வைத்திருந்ததை நானே கற்பித்திருக்கிறேன். அதன் பொருள்தான் உறைக்கவில்லை. உயிர்க்கரியோ காற்றைக் குறைத்துச் சுட்டு, சாம்பலாகுமுன் அணைத்து எடுப்பது. அதன் நுண்துளைகள் நீரையும் அம்மோனியம், பொட்டாசியம் முதலிய சத்துகளையும் பிடித்துவைக்கும், நூற்றாண்டுகள் மக்காது. இதற்கு மூதாதையரைத் தேடினால் அமேசான் படுகைக்குத்தான் போகவேண்டும். அங்கே பூர்வகுடிகளின் குடியிருப்புகளில் கரியும் எலும்பும் குப்பையும் சேர்ந்து உருவான கருமண் இன்றும் வளமாக இருக்கிறது.

பெருமையை விட்டுவிட்டால் பயன் கண்ணுக்குத் தெரிகிறது. சாமையும் தினையும் விளைந்த கொல்லிமலைச் சரிவுகளில் இன்று குச்சிக்கிழங்கு, அதாவது மரவள்ளி, பரவியிருக்கிறது. கிழங்கு பிடுங்கியபின் நடவுக்கு எடுத்தது போக மிஞ்சும் குச்சிகளைக் கொளுத்திவிடுவது வழக்கம். அதே குச்சிகளைக் கூம்புவடிவக் குழியில் அடுக்கடுக்காக எரித்து, மேலே வெண்சாம்பல் படியத் தொடங்கியதும் நீரூற்றி அணைத்தால் கரி கிடைக்கும். கரி காரத்தன்மை உடையது. அமிலச் சார்புள்ள மலைச் செம்மண்ணுக்கு ஏற்றது. சமவெளியின் சுண்ணாம்பு மண்ணில் அதையே கொட்டுவது வீண், சில சமயம் கேடும்கூட.

ஆனால் கணக்கும் பார்க்கவேண்டும். ஒரு டன் உலர்ந்த குச்சியில் சுமார் 200 கிலோ கரிதான் மிஞ்சும். ஆய்வுகளில் பெரும்பாலும் இடப்படுவது ஏக்கருக்கு 2 டன்னுக்கும் மேல். அதாவது ஏக்கருக்கு 10 டன் குச்சி! அவ்வளவுக்கு எங்கே போவது? காட்டை வெட்டியா? அது மீண்டும் புனத்தில்தான் கொண்டுவிடும். ஆகவே நிலமெங்கும் தூவாமல், நடவுக்குழியில் கையளவு இடுவதே மலை உழவருக்குக் கட்டுப்படியாகும். அதையும் சாணிக்கரைசலிலோ கோமியத்திலோ ஊறவைத்து இடவேண்டும். வெறுங்கரி மண்ணிலிருக்கும் தழைச்சத்தையும் சிலகாலம் தன்னிடம் இழுத்துக்கொள்ளும். உழவைவிட எருவிடுதலை உயர்த்திச் சொன்ன வள்ளுவர் இதற்கு மறுப்புச் சொல்லியிருக்க மாட்டார்.

மூட்டையில் கட்டி விற்க வருபவர்கள் இந்த விவரங்களைச் சொல்வதில்லை. வேளாண் துறையினர் அறுவடை நாளில் மலையேறி ஒரு குழியை வெட்டிக் காட்டினால் போதும். மாவட்டத் தலைநகரில் கருத்தரங்கு வேண்டாம்.

இப்பருவத்தில் குறிஞ்சித்திணையை 'முதை' என்ற சொல்லிலிருந்து தொடங்கினேன். அந்த மாணவர் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்.