களஞ்சியத்தில் தங்குவோம், வீட்டை விட்டுவைப்போம்

பள்ளி விடுமுறையில் பிள்ளைகளை இங்கிலாந்துக்கு அழைத்துச் செல்லும் பெற்றோர் நம்மிடையே உண்டு. இலண்டனைச் சுற்றிப் பார்த்த பின், கடலோரச் சிற்றூர் ஒன்றில் சில நாள் தங்க விரும்புவோர், சமையலறையுடன் கூடிய தனி வீட்டையே நாடுகின்றனர். குடும்பத்திற்கு அது வசதிதான். ஆனால், அது எத்தகைய வீடு என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். ஊர் நடுவே உள்ள குடியிருப்பு வீட்டைவிட, தங்குமிடமாக மாற்றப்பட்ட பழைய தானியக் களஞ்சியமே மேல் என்பது என் கருத்து.

முதற்காரணம், அது பிள்ளைகளுக்கு ஒரு பாடநூல். கிழக்கு இங்கிலாந்தின் நார்ஃபோக் கடற்கரையை ஒட்டிய ஊர்களில் இத்தகைய களஞ்சியங்கள் பல உள்ளன. சக்கிமுக்கிக் கல்லால் எழுப்பிய சுவர், மூலைகளில் செங்கல், மேலே சிவப்பு ஓடு. நீள்சுவர்கள் இரண்டிலும் எதிரெதிரே வண்டி நுழையும் அளவுக்குப் பெரிய வாயில்கள். இன்று அவற்றில் கண்ணாடி பதித்து, கூடத்திற்கு வெளிச்சம் வர வழி செய்திருக்கிறார்கள்.

ஏன் இரண்டு வாயில்கள்? இக்கேள்வியைப் பிள்ளைகளிடம் கேளுங்கள். நம் முன்னோர் வெட்டவெளிக் களத்தில் போரடித்துக் காற்றில் தூற்றினர். மழையும் குளிரும் மிகுந்த அந்நாட்டில் களத்தையே கூரைக்குள் கொண்டுவந்தார்கள். இரு வாயில்களுக்கும் இடைப்பட்ட தளமே போரடிக்கும் களம். கதவுகளைத் திறந்தால் ஊடே வீசும் காற்றில் பதர் பறக்கும், மணி தங்கும். சுவரில் உள்ள குறுகிய துளைகள் கதிர்க்கட்டு புழுங்காமல் காற்றோட்டம் தருவதற்காக. உச்சியில் ஒரு துளை இருந்தால் அது கூகைக்காக. எலியைப் பிடிக்கும் என்று உழவரே அதற்கு வழி விட்டனர்.

அத்தளத்தில் உழைத்தவர்களையும் மறக்கலாகாது. குளிர்காலம் முழுதும் கோலால் கதிரடிப்பதே கூலியாள்களுக்குப் பிழைப்பாக இருந்தது. கதிரடிக்கும் இயந்திரம் பரவியபோது அப்பிழைப்புப் போயிற்று. 1830-இல் தென்னிங்கிலாந்திலும் கிழக்கிங்கிலாந்திலும் தொழிலாளர்கள் அவ்வியந்திரங்களை உடைத்தனர். பலர் சிறைப்பட்டனர், நூற்றுக்கணக்கானோர் ஆஸ்திரேலியாவுக்கு நாடு கடத்தப்பட்டனர். பின்னர் வந்த அறுவடை இயந்திரங்கள் களஞ்சியத்தின் வேலையையும் பறித்தன. அழிந்துபோக வேண்டிய கட்டடம் தங்குமிடமானதால் பிழைத்தது.

இரண்டாவது காரணம் ஆசிரியர்களாகிய நமக்கு நன்கு விளங்கக்கூடியது. கடலோர ஊர்களில் வெளியூர்ச் செல்வர்கள் வீடுகளை வாங்கி, ஆண்டில் சில வாரம் மட்டும் வாழ்கிறார்கள், அல்லது விடுமுறைக்கு வாடகைக்கு விடுகிறார்கள். விலை ஏறுகிறது. உள்ளூர் இளங்குடும்பங்கள் வெளியேறுகின்றன. குழந்தை இல்லாத ஊரில் பள்ளி எப்படி நிலைக்கும்? தோட்டம் கலைந்து குடும்பங்கள் பெயர்ந்தபின், 150 மாணவர்கூட இல்லாத தமிழ்ப்பள்ளிகளைக் காக்கப் போராடும் மலேசிய ஆசிரியர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அங்கே காரணம் வேறு. ஆனால், வெறுமையான வகுப்பறை எங்கும் ஒன்றுதான்.

கார்ன்வால் கடற்கரையில் உள்ள செயின்ட் ஐவ்ஸ் மக்கள் 2016-இல் வாக்களித்து, ஊரில் புதிதாகக் கட்டப்படும் வீடுகளில் நிரந்தரமாக வாழ்வோரே குடியிருக்க வேண்டும் என்ற விதியைக் கொண்டுவந்தனர். வாக்களித்தோரில் 80 விழுக்காட்டினருக்கு மேல் அதை ஆதரித்தனர். 2025 ஏப்ரல் முதல் இங்கிலாந்தின் உள்ளாட்சி மன்றங்கள் இரண்டாம் வீடுகளுக்கு இருமடங்கு வரி விதிக்கலாம். அவ்வூர்களின் வலி எத்தகையது என்பதற்கு இவை சான்று.

களஞ்சியத்தையும் உள்ளூர் மக்களுக்கு வீடாக மாற்றலாமே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அப்படி மாற்றப்பட்டவையும் உண்டு. ஆயினும் வயல்வெளியில் தனித்து நிற்கும் பல களஞ்சியங்களுக்கு, விடுமுறைத் தங்குமிடமாக மட்டுமே பயன்படுத்த வேண்டும் என்ற நிபந்தனையோடுதான் அனுமதி கிடைத்தது. அங்கே தங்குவதால் எந்தக் குடும்பமும் வீடிழப்பதில்லை. நெல்மணியைப் போலக் கோதுமையும் வாற்கோதுமையும் குவிந்திருந்த இடத்தில் நாம் படுத்துறங்குகிறோம், அவ்வளவே.

பயணம் போவது தவறன்று. போகும் இடத்தில் யாருடைய இடத்தை நாம் எடுத்துக்கொள்கிறோம் என்று கேட்கும் பழக்கத்தைப் பிள்ளைகளுக்குக் கற்பிக்க வேண்டும். ஆசிரியர்கள் விடுமுறைக்குப் பின் "எங்கே போனாய்?" என்ற கட்டுரையோடு நிறுத்தாமல், "நீ தங்கிய இடம் முன்பு என்னவாக இருந்தது? அங்கே யார் உழைத்தார்கள்?" என்றும் எழுதச் சொல்லலாம். பெற்றோர் முன்பதிவு செய்வதற்கு முன் அதே கேள்விகளைக் கேட்டுவிட்டால், அக்கட்டுரைக்கு வேண்டிய விடை பிள்ளைகளிடம் இருக்கும்.