முதலையைச் செய்தவர்கள்

கடந்த பருவத்தில் முதுகலை மாணவர்களுக்குப் பின்நவீனத்துவம் நடத்திக்கொண்டிருந்தேன். அந்தப் பாடத்தைத் தொடங்கும்போது நான் வழக்கமாகக் கையாளும் உதாரணம் அமெரிக்காவின் டிஸ்னிலாண்ட். அமெரிக்கா முழுவதுமே டிஸ்னிலாண்ட்தான் என்பதை மறைப்பதற்காகவே டிஸ்னிலாண்ட் என்று ஓரிடம் தனியே இருக்கிறது என ழான் பூத்ரியார் 1981இல் எழுதியதைச் சொல்வேன். அதற்கும் முன்பே, 1975இல், உம்பர்த்தோ எக்கோ எழுதியதையும் சொல்வேன். உண்மையான மிசிசிப்பி ஆற்றில் படகில் போனால் முதலை கண்ணில் படும் என்பதற்கு உறுதியில்லை. டிஸ்னிலாண்டின் செயற்கை ஆற்றிலோ இயந்திர முதலை தவறாமல் தலைகாட்டும். போலி அசலைத் தோற்கடிக்கும் இடம் அது. மாணவர்கள் சிரிப்பார்கள், குறிப்பெடுப்பார்கள். பல ஆண்டுகளாக இப்படித்தான் நடந்துவந்தது.

இம்முறை கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவி எழுந்தாள். "ஐயா, அந்த முதலையைச் செய்தது யார்?" ஒரு நிறுவனம் என்றேன். "நிறுவனத்துக்குக் கை உண்டா ஐயா?" என்றாள். வகுப்பு சிரித்தது. நானும் சிரித்துச் சமாளித்தேன். ஆனால் அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை என்பது வீடு திரும்பும் வழியில் உறைத்தது. தொண்ணூறுகளின் சிற்றிதழ்கள் வழியாக நமக்கு வந்துசேர்ந்த விமர்சனத்தை நான் ஒப்பித்துக்கொண்டிருந்தேனே தவிர, அந்தப் பூங்காவைச் செய்தவர்களில் ஒருவருடைய குரலைக்கூடக் கேட்டதில்லை.

அதன்பின் சில மாதங்களாக அவர்களுடைய உரையாடல்களைத் தேடித்தேடி வாசித்துவருகிறேன். தேடினால் கிடைக்கின்றன. 'தி ஈ டிக்கெட்' என்றொரு சிற்றிதழ் 1986இல் இரு சகோதரர்களால் தொடங்கப்பட்டது. பூங்காவின் மிகச் சிறந்த சவாரிகளுக்கு ஒருகாலத்தில் வழங்கப்பட்ட நுழைவுச்சீட்டின் பெயரையே இதழுக்கு வைத்தார்கள். ஓய்வுபெற்ற வடிவமைப்பாளர்களையும் சிற்பிகளையும் தேடிச் சென்று பேசவைத்தார்கள். டிடியே கெஸ் என்ற ஆய்வாளர் 2005 முதல் 'வால்ட்ஸ் பீப்பிள்' என்ற தொடரில், டிஸ்னியோடு பணியாற்றிய கலைஞர்களின் நேர்காணல்களைத் தொகுதி தொகுதியாக வெளியிட்டார். ஒரு கலைத்துறையின் முதல் தலைமுறை ஏறக்குறைய முழுமையாக வாய்மொழியில் பதிவாகியிருப்பது அரிது.

இவற்றில் முதலில் என்னை நிறுத்திய பகுதி ஹெர்ப் ரைமன் சொன்ன கதை. 1953 செப்டம்பரில் ஒரு சனிக்கிழமை வால்ட் டிஸ்னி அவரை அழைத்து, தாம் கட்டப்போகும் பூங்காவைப் பற்றிச் சொல்கிறார். முதலீட்டாளர்களிடம் காட்டுவதற்காக அவருடைய அண்ணன் ராய் ஒரு வரைபடத்துடன் நியூயார்க் போகவேண்டும். "வரைபடம் எங்கே?" என்று ரைமன் கேட்க, நீதான் வரையப்போகிறாய் என்கிறார் டிஸ்னி. இரண்டு நாளில் வரைந்தால் என் மானமும் போகும், உங்கள் மானமும் போகும் என்று ரைமன் மறுத்துவிடுகிறார். டிஸ்னி மூலையில் போய் நின்று, கலங்கிய கண்களோடு திரும்பி, நானும் இங்கேயே உன்னோடு இருந்தால் வரைவாயா என்று கேட்கிறாராம். அந்த வார இறுதியில் பிறந்த படம்தான் 1955 ஜூலை 17 அன்று, அனாஹெய்மின் ஆரஞ்சுத் தோப்புகள் இருந்த இடத்தில், பூங்காவாகத் திறக்கப்பட்டது. ரைமனின் நினைவு சற்று மெருகேறியதாக இருக்கலாம். ஆனால் பூத்ரியாரின் கோட்பாட்டில் இடமே இல்லாத ஒன்று இக்கதையில் இருக்கிறது: வேலை சரியாக வராமல் போய்விடுமோ என்ற அச்சம். எழுதுகிற எவருக்கும் அது பழக்கமானதுதான்.

இரண்டாவதாக, இவர்கள் தங்கள் வடிவத்தைப் பற்றி நம்மில் பலர் சிறுகதையைப் பற்றிப் பேசுவதைவிடத் துல்லியமாகப் பேசுகிறார்கள். 1967இல் திறக்கப்பட்ட 'பைரேட்ஸ் ஆஃப் த கரீபியன்' படகுச் சவாரிக்கு வசனமும் பாடல்வரியும் எழுதியவர் எக்ஸ் அட்டென்சியோ. அடிப்படையில் அசைபடக் கலைஞர், அதற்குமுன் வசனம் எழுதி அறியாதவர். ஒரே காட்சியில் பல உருவங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகப் பேசுவதால் படகில் போகிறவர்களுக்கு எதுவும் விளங்காதே என்று அவர் வருந்தியபோது, டிஸ்னி அதை விருந்துக் கூட்டத்தோடு ஒப்பிட்டாராம். விருந்தில் ஒரு பேச்சு கொஞ்சம் காதில் விழும், பிறகு இன்னொரு பேச்சு. விட்டதைக் கேட்க மக்கள் மீண்டும் வருவார்கள். அதே சவாரியின் காட்சிகளை வரைந்த மார்க் டேவிஸ், சவாரி என்பது கதை சொல்வதற்கான வடிவமே அல்ல என்ற கருத்துடையவர். அது அனுபவங்களின் வரிசை, அவ்வளவுதான். உருவங்களைச் செதுக்கிய பிளெய்ன் கிப்சன், பார்வையாளர் ஒரு முகத்தைச் சில விநாடிகளே பார்க்கிறார், அதற்குள் அந்த ஆள் யார் என்று தெரிந்துவிட வேண்டும் என்கிறார். அதற்காக உணவகங்களில் அயலார் முகங்களையே உற்றுப் பார்ப்பாராம். மனைவி முழங்கையால் இடித்து நிறுத்துவாராம். இதைப் படித்தபோது, பேருந்தில் சக பயணியின் பேச்சை ஒட்டுக்கேட்கும் நம் எழுத்தாளர்கள்தான் நினைவுக்கு வந்தார்கள்.

விமர்சகர்கள் பார்த்த பூங்காவில் ஒரே குரல்தான் ஒலிக்கிறது, நிறுவனத்தின் குரல். செய்தவர்கள் நினைவுகூரும் பூங்காவிலோ சண்டை ஓய்வதேயில்லை. 'ஹாண்டட் மேன்ஷன்' என்ற பேய்மாளிகையின் வெளிக்கட்டடம் 1963இல் முடிந்துவிட்டது. உள்ளே சவாரி திறக்கப்பட்டதோ 1969இல். இடைப்பட்ட ஆண்டுகளில் தீராத கேள்வி, பேய்கள் அச்சுறுத்த வேண்டுமா, சிரிக்கவைக்க வேண்டுமா என்பது. பின்னணி ஓவியரான கிளாட் கோட்ஸ் இருளின் பக்கம். மார்க் டேவிஸ் நகைச்சுவையின் பக்கம். இறுதியில் முன்பாதி கோட்ஸுடையதாகவும் பின்பாதி டேவிஸுடையதாகவும் அமைந்தது. வல்லுநர்கள் அதை இன்றும் இரு கையெழுத்துகளாகவே வாசிக்கிறார்கள். ரோலி கிரம்ப் என்ற மூன்றாமவர் வரைந்த விசித்திரப் பொருள்களின் அருங்காட்சியகமோ டிஸ்னியின் உறக்கத்தைக் கெடுத்தது என்பார் கிரம்ப். 1966 டிசம்பரில் டிஸ்னி இறந்தார். கிரம்ப் வரைந்த வடிவில் அந்த அருங்காட்சியகம் எழவேயில்லை. நிறைவேறாத அந்தப் படைப்பைப் பற்றி 2023இல் மறையும்வரை அவர் பேசிக்கொண்டிருந்தார். நிறைவேறாத நாவலைப் பற்றி ஒரு நாவலாசிரியர் பேசுவதுபோலவே.

இங்கே நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன். இவர்கள் செய்த எதிலும் இவர்கள் பெயர் இல்லை. பூங்கா முழுவதற்கும் ஒரே கையொப்பம்தான், முதலாளியின் குடும்பப் பெயர். பூங்காவின் நுழைவுத் தெருவில் மேல்மாடிச் சன்னல்களில் சிலருடைய பெயர்களைக் கற்பனைக் கடைகளின் பெயர்ப்பலகைபோல எழுதிவைத்திருக்கிறார்கள். அறிந்தவர் அறிவார், மற்றவருக்கு அது அலங்காரம். நம் கோயில்களின் பெயரறியாச் சிற்பிகளை இங்கே நினைப்பது இயல்பு. ஆனால் வேறுபாடு உண்டு. அந்தச் சிற்பியின் கல்லை அவ்வளவு எளிதில் யாரும் பெயர்ப்பதில்லை. பூங்காக் கலைஞரின் படைப்போ உரிமையாளர் விரும்பும் நாள்வரைதான் நிற்கும்.

மேரி பிளேர் இதற்குச் சான்று. 'சிண்ட்ரெல்லா', 'பீட்டர் பான்' ஆகிய படங்களின் வண்ண உலகத்தை உருவாக்கியவர். 1964இல் நியூயார்க் உலகக் கண்காட்சிக்காகச் செய்யப்பட்ட 'இட்ஸ் எ ஸ்மால் வேர்ல்ட்' சவாரியின் நிறங்களும் வடிவங்களும் அவருடையவை. 1967இல் டிஸ்னிலாண்டின் எதிர்கால உலகப் பகுதியில், எதிரெதிராக இரண்டு பெரிய பீங்கான் ஓட்டுச் சுவரோவியங்களை அமைத்தார். 1978இல் இறந்தார். எண்பதுகளின் பிற்பாதியில் ஒரு சுவரோவியம் புதிய சவாரி ஒன்றுக்காக மறைக்கப்பட்டது. 1998இல் மற்றதும் மறைந்தது. ஓர் அருங்காட்சியகம் இப்படிச் செய்திருந்தால் உலகமே கொதித்திருக்கும். பூங்கா செய்தபோது அது புதுப்பிப்புப் பணி ஆயிற்று. ஆகவே இந்த மனிதர்களின் நேர்காணல்களை நான் வெறும் நினைவலைகளாக வாசிப்பதில்லை. அவர்களுக்கு வாய்த்த ஒரே கையொப்பம் அந்த உரையாடல்தான். சுவரில் இடாத பெயரை அவர்கள் பேச்சில் இடுகிறார்கள்.

இதை முன்பே உணர்ந்திருந்த எழுத்தாளர் ரே பிராட்பரி. 'ஃபாரன்ஹீட் 451' எழுதியவர். 1958இல் 'தி நேஷன்' இதழ் டிஸ்னிலாண்டைச் சாடி ஒரு கட்டுரை வெளியிட்டபோது, அதை மறுத்துக் கடிதம் எழுதினார். தாம் முதன்முறை அங்கே சென்றது நடிகர் சார்லஸ் லாட்டனுடன் என்பதைச் சொல்லி, அந்த விமர்சகருக்கும் உள்ளூர அந்த இடம் பிடித்திருக்க வேண்டும், ஒப்புக்கொள்ளத்தான் துணிவில்லை என்று முடித்தார். அவர் வெறும் ரசிகராக நின்றுவிடவில்லை. 1982இல் திறக்கப்பட்ட எப்காட் பூங்காவின் 'ஸ்பேஸ்ஷிப் எர்த்' கோளத்துக்குக் கதைப்போக்கு வகுப்பதிலும் பங்குகொண்டார். 1964 கண்காட்சியில் எழுந்து நின்று பேசிய இயந்திர லிங்கனைப் பற்றி ஒரு சிறுகதையும் எழுதினார். லிங்கன் பொம்மையை ஒருவன் அரங்கிலேயே சுட்டுவிடுகிறான். அந்த முகத்தை கிப்சன் செய்தது, லிங்கன் உயிரோடிருந்தபோது 1860இல் எடுக்கப்பட்ட முகவார்ப்பைக் கொண்டு. எக்கோவுக்கு இத்தகைய உருவங்கள் போலியின் வெற்றி. பிராட்பரிக்கோ அது கொலைசெய்யப்படக்கூடிய அளவுக்கு உயிருள்ளது. அதைச் செய்த கைகளை அவர் மறக்காததுதான் காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது.

எதிர்த்தரப்பையும் சொல்லியாக வேண்டும். இந்த நேர்காணல்கள் பெரும்பாலும் விசுவாசிகளின் பேச்சு. கேட்பவர் ரசிகர், சொல்பவர் முதியவர், பொருள் இளமைக்காலம். முரண்கள்கூட இனிமையாகிவிடுகின்றன. 1941இல் டிஸ்னியின் கலைஞர்கள் ஊதியத்துக்காகவும் சங்க உரிமைக்காகவும் வேலைநிறுத்தம் செய்தார்கள். பூங்காவைப் பற்றிய பேச்சுகளில் அதன் நிழல் அரிதாகவே விழுகிறது. தங்கள் படைப்பு யாரைக் காயப்படுத்தியது என்ற கேள்வியும் அப்படியே. டோனி பாக்ஸ்டர் பதின்வயதில் அதே பூங்காவில் ஐஸ்கிரீம் விற்றவர். பின்னாளில் அதன் தலைசிறந்த வடிவமைப்பாளர்களில் ஒருவரானார். 1983இல் போக்குவரத்து நெரிசலில் சிக்கியிருந்தபோது தோன்றிய எண்ணம் என்று அவர் சொல்லும் 'ஸ்பிளாஷ் மௌண்டன்', 1989இல் திறக்கப்பட்டது. அதன் மூலம் 1946இல் வந்த 'சாங் ஆஃப் த சவுத்' திரைப்படம். கறுப்பின மக்களின் வாய்மொழிக் கதைகளை எடுத்துக்கொண்டு, தோட்டத்து வாழ்க்கையை இன்பமயமாகக் காட்டியது என்ற கண்டனத்துக்கு ஆளான படம். 2023இல் சவாரி மூடப்பட்டு, அடுத்த ஆண்டு கறுப்பின இளவரசி தியானாவின் கதையாகத் திரும்பியது. கடற்கொள்ளையர் சவாரியில் பெண்களை ஏலம் விடும் டேவிஸின் காட்சியும் 2018இல் மாற்றப்பட்டது. மேரி பிளேரின் சுவர் மறைந்ததற்கு வருந்தும் நான் இவற்றுக்கு வருந்தவில்லை. ஆனால் எல்லாவற்றிலும் முடிவெடுத்தது ஒரே கைதான் என்பதை மறக்கவும் இயலவில்லை. நியாயமான திருத்தத்தையும் அநியாயமான அழிப்பையும் ஒரே நிர்வாகக் கையெழுத்தே செய்கிறது. செய்தவரிடம் சம்மதம் கேட்கவேண்டிய கட்டாயம் அதற்கு இல்லை.

இன்னொரு சங்கடம் நமக்கு நெருக்கமானது. ஜோ ரோடி தலைமையில் உருவாகி 1998இல் திறக்கப்பட்ட 'அனிமல் கிங்டம்' பூங்காவில், ஓராண்டுக்குப் பின் 'ஆனந்தபூர்' என்ற கற்பனை நாடு எழுந்தது. நம் பக்கத்து இடிபாடுகள், முகலாய பாணிச் சுவரோவியங்கள், நடுவே புலிகள். ரோடி தமது உரையாடல்களில் பயணத்தையும் ஆய்வையும் பற்றி அவ்வளவு ஈடுபாட்டோடு பேசுகிறார். சுவரின் விரிசலுக்குக்கூட ஒரு வரலாறு இருக்கவேண்டும் என்று கருதுபவர். மதிப்பு வருகிறது. ஆனாலும் நம் வறுமையும் பழமையும் அங்கே விடுமுறைக் காட்சியாகிவிட்டதே என்ற உறுத்தல் போகவில்லை. ஆனால் முன்பு நான் இதைக் கோட்பாட்டின் பெயரால் ஒரே வரியில் நிராகரித்திருப்பேன். இப்போது ரோடி என்ற மனிதரோடு வாதிட விரும்புகிறேன். இந்த வேறுபாட்டை முக்கியமாகக் கருதுகிறேன். நிராகரிக்க எதையும் அறிந்திருக்க வேண்டியதில்லை. வாதிடவோ எதிரிலிருப்பவர் ஒரு படைப்பாளி என்று ஒப்புக்கொண்டாக வேண்டும்.

எக்கோவும் பூத்ரியாரும் தவறு என்று நான் சொல்லவில்லை. பூங்கா பார்வையாளரை என்ன செய்கிறது என்பதை அவர்கள் சொன்னார்கள், அது இன்றும் செல்லும். அதைச் செய்தவர்களைப் பூங்கா என்ன செய்தது என்ற பாதியை அவர்கள் எழுதவில்லை. அந்தப் பாதி நேர்காணல்களில் கிடக்கிறது. வெகுஜனக் கலை என்றாலே ஆளில்லா இயந்திரம் என்று எழுதிப் பழகிவிட்ட நமக்கு, அதை வாசிப்பது நல்ல பயிற்சி என்பேன்.

அடுத்த பருவத்திலும் அந்தப் பாடம் வரும். மிசிசிப்பி முதலையைக் கட்டாயம் சொல்வேன். கூடவே ரைமன், கிப்சன், மேரி பிளேர் என்ற பெயர்களையும் கரும்பலகையில் எழுதிவைப்பேன். அந்த மாணவி அதற்குள் தேர்ச்சி பெற்றுப் போயிருப்பாள். பதில் அவளுக்குக் கடனாக நிற்கிறது.