மொனராகலையை நிர்வகிப்பவர் யார்?

மொனராகலை என்ற பெயரில் ஒரு நகரம் இருக்கிறது. அதே பெயரில் ஒரு பிரதேச சபை, ஒரு பிரதேச செயலகம், ஒரு தேர்தல் தொகுதி, ஒரு மாவட்டம் ஆகியவையும் இருக்கின்றன. இவற்றின் எல்லைகளும் வேறு, வேலைகளும் வேறு. தெருவிளக்கு எரியவில்லை என்று மாவட்டச் செயலகமான கச்சேரிக்குப் போகிறவரும், வதிவிடச் சான்றிதழ் கேட்டுப் பிரதேச சபைக்குப் போகிறவரும் ஒரு நாள் கூலியை இழந்து திரும்புகிறார்கள். குற்றம் அவர்களுடையது அல்ல. எந்த வேலைக்கு எந்தப் படியேற வேண்டும் என்று யாரும் அவர்களுக்குப் பொறுமையாகச் சொல்லவில்லை. அதைச் சொல்ல முதலில் நிலத்தைப் பார்க்க வேண்டும். பிறகு வரலாறு, அதன் பின் நிர்வாகம்.

பதுளை நகரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 680 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. மொனராகலை நகரம் சுமார் 150 மீற்றரில் இருக்கிறது. பசறையிலிருந்து மொனராகலைக்கு இறங்கும் பாதையில் இந்த வேறுபாட்டைக் கண்ணால் காணலாம். மேலே தேயிலை. இறங்க இறங்க றப்பர் மரங்கள். மலை முடிந்ததும் நெல், சோளம், இன்னும் தள்ளிப் புத்தள, செவனகல பக்கம் கரும்பு. மத்திய மலைநாட்டின் கிழக்குச் சரிவு சமவெளியைத் தொடும் இடத்தில் நகரம் அமைந்திருக்கிறது.

கொழும்பிலிருந்து இரத்தினபுரி, வெல்லவாய, புத்தள வழியாக வரும் ஏ4 வீதி இந்நகரத்தைக் கடந்து சியம்பலாண்டுவ, பொத்துவில் வழியாக மட்டக்களப்புக்குப் போகிறது. மாவட்டத்தில் ரயில் பாதை இல்லை. மலைநாட்டு ரயில் 1924இல் பதுளைக்கு வந்தது, அங்கேயே நின்றுவிட்டது. ஆகவே இங்கே எல்லாப் போக்குவரத்தும் வீதியை நம்பியே நடக்கிறது.

மழை பெரும்பாலும் ஒக்டோபர் முதல் ஜனவரி வரை பெய்கிறது. ஜூன் முதல் செப்டெம்பர் வரை வறட்சி. கும்புக்கன் ஓயா, மாணிக்க கங்கை, கிரிந்தி ஓயா ஆகிய ஆறுகள் மேற்கே உள்ள மலைகளில் தோன்றி இம்மாவட்டத்தைக் கடந்து தென்கிழக்குக் கடலைச் சேர்கின்றன. மாணிக்க கங்கைக் கரையில் உள்ள கதிர்காமமும் இந்த மாவட்டத்தில்தான் இருக்கிறது. பெரும்பாலான அடியார்கள் அம்பாந்தோட்டை மாவட்டத்துத் திஸ்ஸமகாராமை வழியாக அங்கே போவதால், கதிர்காமம் ஊவா மாகாணத்தைச் சேர்ந்தது என்பது பலருக்குத் தெரிவதில்லை.

பரப்பளவில் மொனராகலை இலங்கையின் இரண்டாவது பெரிய மாவட்டம். அநுராதபுரம் மட்டுமே இதைவிடப் பெரியது. இதன் பரப்பு 5,639 சதுர கிலோமீற்றர். 2012 குடிசன மதிப்பீட்டின்படி இங்கே வாழ்ந்தோர் சுமார் 4.5 இலட்சம் பேர். அயல் மாவட்டமான பதுளை பரப்பில் இதில் பாதிதான். ஆனால் அங்கே அதே ஆண்டில் 8 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் வாழ்ந்தார்கள். பெரிய நிலம், சிதறிய மக்கள்: நிர்வாகத்துக்கு இதைவிடக் கடினமான சேர்க்கை இல்லை. ஒரு கையெழுத்துக்காக ஒருவர் போகவேண்டிய தூரம் இங்கே இயல்பாகவே அதிகம்.

இனி வரலாறு. இந்தப் பகுதியின் பழைய பெயர் வெல்லஸ்ஸ. புத்தளவுக்கு அருகே உள்ள யுதகனாவ தாதுகோபமும் மாளிகாவிலவில் உள்ள பெரிய புத்தர் சிலையும் இங்கே பழங்காலத்தில் செழிப்பான குடியிருப்புகள் இருந்ததைக் காட்டுகின்றன. 1815இல் கண்டி இராச்சியம் ஆங்கிலேயர் கைக்குப் போனது. 1817இல் ஊவாவிலும் வெல்லஸ்ஸவிலும் கிளர்ச்சி வெடித்தது. 1818இல் அதை அடக்கிய ஆங்கிலப் படை வீடுகளையும் பயிர்களையும் எரித்தது, கால்நடைகளைக் கொன்றது, நீர்ப்பாசனத்தைச் சிதைத்தது. மக்கள் நோயாலும் பட்டினியாலும் மடிந்தார்கள், மிஞ்சியோர் சிதறினார்கள். அதன் பின் பல தலைமுறைகளுக்கு இந்நிலம் ஆளரவம் குறைந்தே கிடந்தது.

1886இல் பதுளையைத் தலைநகராகக் கொண்டு ஊவா மாகாணம் உருவானது. மலைச்சரிவுகளில் தோட்டங்கள் எழுந்தன. றப்பர் விலை ஏறிய 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவை பெருகின. அவற்றில் வேலை செய்யத் தமிழகத்திலிருந்து தொழிலாளர்கள் வந்தார்கள். நீண்ட காலம் பதுளைக் கச்சேரியே இந்தப் பகுதியையும் நிர்வகித்தது. 1959இல்தான் மொனராகலை தனி மாவட்டமானது.

அடுத்து நிர்வாகம். இலங்கையில் ஓர் ஊரை இரண்டு சங்கிலிகள் நிர்வகிக்கின்றன. ஒன்று நியமனச் சங்கிலி. அதில் உள்ளவர்கள் மத்திய அரசால் நியமிக்கப்படும் அலுவலர்கள். மற்றது தேர்தல் சங்கிலி. அதில் உள்ளவர்கள் மக்கள் வாக்களித்துத் தெரிவு செய்பவர்கள்.

நியமனச் சங்கிலியின் உச்சியில் மாவட்டச் செயலகம் இருக்கிறது. மக்கள் இதை இன்றும் கச்சேரி என்றே சொல்கிறார்கள். அதன் தலைவர் மாவட்டச் செயலாளர், பழைய பெயரில் அரசாங்க அதிபர். அவருக்குக் கீழே 11 பிரதேச செயலகங்கள் இருக்கின்றன. ஒவ்வொரு பிரதேச செயலகப் பிரிவும் கிராம அலுவலர் பிரிவுகளாகப் பிரிந்திருக்கிறது. கிராம அலுவலரைச் சிலர் இன்றும் பழைய பழக்கத்தில் கிராம சேவகர் என்கிறார்கள். அடையாள அட்டை விண்ணப்பம், வதிவிடச் சான்றிதழ், அரசின் உதவித் திட்டங்கள், அரச காணி அனுமதிப்பத்திரம், பிறப்பு இறப்புப் பதிவு ஆகிய எல்லாம் இந்தச் சங்கிலியின் வேலை.

தேர்தல் சங்கிலியின் மேல் படி மாகாண சபை. ஊவா மாகாண சபைக்குக் கடைசித் தேர்தல் 2014 செப்டெம்பரில் நடந்தது. 2019இல் அதன் காலம் முடிந்தது. அதிலிருந்து ஆளுநரே மாகாண நிர்வாகத்தை நடத்திவருகிறார். கீழ்ப்படி உள்ளூராட்சி. இலங்கையில் உள்ளூராட்சி மன்றங்கள் மூன்று வகை: பெருநகரங்களுக்கு மாநகர சபை, நடுத்தர நகரங்களுக்கு நகர சபை, கிராமப்புறத்துக்குப் பிரதேச சபை.

மொனராகலை மாவட்டத்தில் மாநகர சபையும் இல்லை, நகர சபையும் இல்லை. இருப்பவை 10 பிரதேச சபைகள் மட்டுமே. பிரதேச செயலகம் 11, பிரதேச சபை 10 என்ற வேறுபாட்டுக்குக் காரணம் செவனகல. அதற்குத் தனிப் பிரதேச செயலகம் உண்டு, தனிப் பிரதேச சபை இல்லை. மாவட்டத் தலைநகராக இருந்தும் மொனராகலை நகரத்துக்கென்று சொந்தமாக ஒரு சபை கிடையாது. கடைவீதியும், சுற்றியுள்ள கிராமங்களும், தோட்டங்களும் சேர்ந்த மொனராகலை பிரதேச சபைக்குள் நகரம் ஒரு பகுதி மட்டுமே.

இந்த அமைப்பின் தன்மை இன்னொரு நாட்டோடு ஒப்பிட்டால் தெளிவாகும். பிரான்சில் சில நூறு பேர் வாழும் சிற்றூருக்கும் சொந்த சபை உண்டு. அந்த அலகின் பெயர் கொம்யூன். நாடு முழுவதும் சுமார் 35,000 கொம்யூன்கள் இருக்கின்றன. பிரெஞ்சுப் புரட்சி நடந்த 1789ஆம் ஆண்டின் சட்டமே இதற்கு அடிப்படை. கொம்யூனின் தலைவர் மேயர். அவர் இரண்டு பொறுப்புகளை வகிக்கிறார். ஊர்ச் சபையின் தலைவராக ஊர்ப் பாதைகளைக் கவனிக்கிறார். அரசின் பிரதிநிதியாகப் பிறப்பையும் இறப்பையும் பதிகிறார், திருமணமும் செய்து வைக்கிறார். அவருக்கு மேலே 1800இல் நெப்போலியன் ஏற்படுத்திய பிரிஃபெக்ட் என்ற அலுவலர் இருக்கிறார். நம் மாவட்டச் செயலாளருக்கு ஏறத்தாழ நிகரானவர் அவர். பிரெஞ்சு ஆட்சி 1880இல் புதுச்சேரியிலும் காரைக்காலிலும் கொம்யூன்களை நிறுவியது. இன்றும் அங்கே 10 கொம்யூன் பஞ்சாயத்துகள் அந்தப் பெயரைத் தாங்கி நிற்கின்றன.

பிரெஞ்சுச் சிற்றூரில் ஒரே மண்டபத்தில் முடியும் வேலைகள், மொனராகலையில் இரண்டு கட்டடங்களில் பிரிந்து கிடக்கின்றன. பதிவும் சான்றிதழும் பிரதேச செயலகத்தில். பாதையும் விளக்கும் குப்பையும் பிரதேச சபையில். பெயர்கள் நெருக்கமாக இருப்பதால் குழப்பம் இன்னும் கூடுகிறது.

தோட்டத்தில் இந்தக் குழப்பம் இரட்டிப்பாகிறது. ஏனென்றால் அங்கே மூன்றாவது அதிகாரமும் இருக்கிறது: தோட்ட நிர்வாகம். மொனராகலையைச் சேர்ந்த குமாரவத்தைத் தோட்டத்தில் ஒரு குடும்பம் வாழ்கிறது என்று வைத்துக்கொள்வோம். மகளுக்கு அடையாள அட்டை எடுக்க வேண்டும். அந்த விண்ணப்பத்தைக் கிராம அலுவலர் உறுதிப்படுத்தலாம், தோட்டத்தில் வசிப்போருக்குத் தோட்ட அதிகாரியும் உறுதிப்படுத்தலாம். பிறகு அது பிரதேச செயலகத்துக்குப் போகிறது. தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக் கூரை ஒழுகினால் தோட்ட நிர்வாகத்திடம் போக வேண்டும். லயத்திலிருந்து பிரதான வீதிக்கு வரும் பாதை குழியாகிவிட்டால்? ஏ, பி தர வீதிகள் மத்திய அரசின் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கு உரியவை. சி, டி தர வீதிகள் மாகாணத்துக்கு உரியவை. சிறு பாதைகள் பிரதேச சபைக்கு உரியவை. தோட்டத்துக்குள் இருக்கும் பாதை இவற்றில் எதிலும் சேராது, அது தோட்டத்துக்குரியது.

இந்த நிலைக்கு ஒரு வரலாறு உண்டு. பிரித்தானியர் காலத்துக் கிராமச் சபைகள் கிராமத்தவருக்கென்று அமைந்தவை. தோட்டத்தில் குடியிருந்த தொழிலாளருக்கு அவற்றில் இடம் இல்லை. 1948இன் குடியுரிமைச் சட்டம் அவர்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. அந்தக் கணக்கு முழுமையாகத் தீர 2003ஆம் ஆண்டின் சட்டம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இதற்கிடையே 1981இல் கிராமச் சபைகள் ஒழிந்தன. 1987இன் 15ஆம் இலக்கச் சட்டம் பிரதேச சபைகளை உருவாக்கியது. 1991இல் அவற்றுக்கு முதல் தேர்தல் நடந்தது. குடியுரிமை பெற்ற தோட்ட மக்கள் பிரதேச சபைக்கு வாக்களித்தார்கள், உறுப்பினராகவும் வந்தார்கள். ஆனால் சபையின் நிதியைத் தோட்டத்துக்குள் செலவிடச் சட்டம் இடம் தரவில்லை. நிரந்தரப் பயிர்ச்செய்கை உள்ள நிலத்துக்குச் சபை ஏக்கர் வரி அறவிடலாம், அந்த நிலத்தில் குடியிருப்பவரின் பாதைக்கு ஒரு கூடை கல் போட முடியாது என்ற நிலை பல ஆண்டுகள் நீடித்தது.

2018இல் பாராளுமன்றம் அந்தச் சட்டத்தைத் திருத்தியது. தோட்டக் குடியிருப்புகளுக்கும் பிரதேச சபை தன் நிதியில் சேவை செய்ய வழி பிறந்தது. அதே ஆண்டு பெப்ரவரியில் புதிய கலப்பு முறையில் உள்ளூராட்சித் தேர்தலும் நடந்தது. இம்முறையில் சுமார் 60 சதவீத உறுப்பினர்கள் வட்டாரங்களிலிருந்து நேரடியாகத் தெரிவாகிறார்கள். மீதிப் பேர் விகிதாசாரப்படி வருகிறார்கள். 2023 மார்ச்சில் அந்தச் சபைகளின் காலம் முடிந்தது. அடுத்த தேர்தல் 2025 மே 6ஆம் திகதி நடந்தது. இடைப்பட்ட இரண்டு ஆண்டுகளும் சபைகள் உறுப்பினர் இன்றிச் செயலாளர்களின் கையில் இருந்தன.

சட்டம் திறந்த வழி தானாகப் பாதையாகிவிடாது. அனுமதி என்பது ஒன்று, வரவு செலவுத் திட்டத்தில் ஒதுக்கப்படும் பணம் என்பது இன்னொன்று. பிரதேச சபைகளின் வருமானம் சிறியது. மொனராகலை போன்ற பரந்த மாவட்டத்தில் அது இன்னும் மெல்லியதாகப் பரவுகிறது. மாவட்டத்தில் பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்டோர் சிங்கள மக்கள், தோட்டத் தமிழர் மிகச் சிறு தொகையினர். எண்ணிக்கையை மட்டும் பார்த்து நிதி ஒதுக்கும் சபையில் அவர்களின் பாதை கடைசி வரிசைக்கே போகும்.

ஆகவே இரண்டு சிறிய மாற்றங்கள் பயன்தரும் என்று தோன்றுகிறது. முதலாவது, எந்த வேலைக்கு எந்த அலுவலகம் என்ற விளக்கம் தமிழிலும் சிங்களத்திலும் தோட்டத் தொழிலாளர் வேலைக்குக் கூடும் ஒவ்வொரு பெரட்டுக்களத்திலும், கிராம அலுவலர் காரியாலயத்திலும் எழுதி வைக்கப்பட வேண்டும். இரண்டாவது, பிரதேச சபை தன் எல்லைக்குள் உள்ள தோட்டப் பாதைகளையும் விளக்குகளையும் கிராமத்துப் பாதைகளோடு ஒரே பட்டியலில் சேர்த்து, ஆண்டு இறுதியில் வரவு செலவுத் திட்டம் தயாரிக்கும்போது அந்தப் பட்டியலைப் பகிரங்கமாக வைக்க வேண்டும். பட்டியலில் இருக்கும் பாதைக்குப் பணம் இந்த ஆண்டு கிடைக்காமல் போகலாம். பட்டியலிலேயே இல்லாத பாதைக்கு எந்த ஆண்டும் கிடைக்காது. வட்டார உறுப்பினரிடம் தோட்ட மக்கள் முதலில் கேட்க வேண்டியது, எங்கள் பாதை அந்தப் பட்டியலில் எத்தனையாவது இலக்கத்தில் இருக்கிறது என்பதுதான்.