ராம் வாங்கும் முன் ஜாவாவைப் பாருங்கள்

கம்ப்யூட்டர் மெதுவாக இயங்குகிறது என்றால் "ராம் கூட்டிப் போடுங்கள்" என்ற ஆலோசனைதான் பெரும்பாலும் கிடைக்கிறது. பல நேரங்களில் இது சரியே. ஆனால் திணறுவது ஜாவாவில் எழுதப்பட்ட புரோகிராம் என்றால், அந்தச் செலவு வீணாக வாய்ப்பு அதிகம்.

ஜாவாவுக்கும் நமக்கும் என்ன தொடர்பு என்கிறீர்களா? டிடிஎஸ் கணக்கு தயாரிப்பதற்கான ஆர்.பி.யு. புரோகிராம் ஜாவாவில் இயங்குவதுதான். சிவகாசியில் பட்டாசு ஆலை, அச்சகம் என எங்கும் கணக்கு பார்ப்பவரின் கம்ப்யூட்டரில் இதைக் காணலாம். ஜூலை முதல் செப்டம்பர் வரை நம் ஊரில் லாரி வாடகை, லேபிள் அச்சு பில்கள் குவியும். அந்தக் காலாண்டுக்கான கெடு அக்டோபர் 31. (2024-ல் தீபாவளியே அன்றுதான்!) தாமதமானால் நாளொன்றுக்கு 200 ரூபாய் கட்டணம். அந்த நேரத்தில் எந்தப் புரோகிராம் உறைந்து நின்றாலும் கையைப் பிசைய வேண்டியதுதான்.

ஜாவா புரோகிராம் ராமில் இஷ்டத்திற்கு இடம் எடுப்பதில்லை. தொடங்கும்போதே அதற்கு ஓர் உச்ச வரம்பு உண்டு. அந்த இடத்திற்கு ஹீப் என்று பெயர். விண்டோஸில் 32 பிட் ஜாவா 8 இருந்து, எதையும் மாற்றாமல் விட்டால், வரம்பு 256 எம்பி. 4 ஜிபி ராமை 8 ஜிபி ஆக்கினாலும் அதே 256தான்! 64 பிட் ஜாவா என்றால் ராமில் நான்கில் ஒரு பங்கு. பட்டாசு ஆலையில் ஓர் அறைக்கு இத்தனை பேர், இவ்வளவு மருந்து என்று அனுமதி இருக்கிறதல்லவா? பக்கத்தில் பத்து ஏக்கர் வாங்கினாலும் அந்த அறையின் அனுமதி கூடாது.

டாஸ்க் மேனேஜரில் இது தெரியாது. அங்கே கிடைப்பது மொத்த அளவு மட்டுமே. உள்ளே பார்க்க ஜேகன்சோல் வேண்டும். 2004-ல் வந்த ஜாவா 5 முதல் இது ஜேடிகே தொகுப்பில் இருக்கிறது. ஜேஆர்இ மட்டும் இன்ஸ்டால் செய்தவர்களுக்குக் கிடைக்காது. உங்கள் ஜாவா 32 பிட் என்றால் ஜேடிகேயும் 32 பிட்டாக இருக்கட்டும். இல்லையென்றால் இணையாது.

திணறும் புரோகிராமை இயக்கிவிட்டு ஜேகன்சோலைத் திறந்திடவும். பட்டியலில் அதைத் தேர்ந்தெடுத்து மெமரி டேபில் கிளிக் செய்தால் ஒரு கோடு ஓடும். ரம்பப் பல் போல ஏறி ஏறி இறங்கினால் நல்லது. வேண்டாத தகவல்களை ஜாவா அவ்வப்போது அகற்றுகிறது என்று பொருள். இறங்கும் இடமே மேலேறி வரம்பை ஒட்டி நின்றால், புரோகிராம் இடமின்றித் தவிக்கிறது. அப்போது வரம்பை உயர்த்தும் வழியைப் புரோகிராம் தந்தவரிடம் கேட்க வேண்டும். மெமரியும் தாராளம், சிபியுவும் சும்மா இருக்கிறது என்றால் சந்தேகத்தை ஹார்ட் டிஸ்க் பக்கமோ இன்டர்நெட் பக்கமோ திருப்பலாம்.

இவ்வளவையும் ஒரு கணக்கரைச் செய்யச் சொல்வது நியாயமா? இல்லை என்பேன். எவ்வளவு மெமரி காலி, வரம்பு எவ்வளவு என்று திரையின் ஓரத்தில் காட்டுவதற்கு ஜாவாவில் சில வரிகள் போதும். புரோகிராம் எழுதும் எங்களைப் போன்றவர்கள் செய்ய வேண்டிய வேலை இது. அடுத்து நீங்கள் விலைக்கு வாங்கும் பில்லிங் புரோகிராம் ஜாவாவில் எழுதியது என்றால், விற்பவரிடம் இதைக் கேட்டுப் பாருங்கள்.