காப்பு யாருக்கு, கட்டு யாருக்கு?

உளநோயாளர் உமிழ்ந்தால் அவர்தம் வாயை மூடிக் கட்டுக என்பார் உளர். தாதியரும் சிற்றூழியரும் காக்கப்பட வேண்டியவர்களே. எச்சிலை முகத்தில் ஏற்பது எவருக்கும் கடமையன்று. ஆயினும் கட்டு காப்பாகாது. 2020இல் அமெரிக்காவின் ரொச்செஸ்டர் நகரில், மனங்குழம்பிய டானியல் புரூட் என்பவருக்குப் பொலிசார் எச்சில் தடுக்கும் முகமூடியிட்டுத் தரையில் அழுத்தினர். மூச்சடங்கிய அவர் ஒரு வாரத்தில் இறந்தார். 2021இல் தென் அவுஸ்திரேலியா அம்முகமூடியைத் தடைசெய்தது. புத்தளக் கரையோரக் கற்பிட்டியிலிருந்தோ உடப்பிலிருந்தோ அங்கொடைக்குக் கொண்டுசெல்லப்படும் தமிழ் நோயாளி, தன் துயரைச் சொல்ல மொழியின்றித் தவிக்கும்போது உமிழ்தலே அவனது பேச்சாகிவிடுதல் கூடும். ஊழியர் முகத்துக்குக் கண்ணாடித் திரை, விடுதிக்குப் போதிய ஆட்கள், நோயாளியின் மொழியறிந்த தாதி ஆகிய இம்மூன்றுமே காப்பு. இவற்றைக் கொடாது, நோயாளியின் வாயைக் கட்டித் தம் குறையை மறைத்தல் ஆள்வோர்க்கு அறமாகாது.