ஓட்டைப் பிரிக்கும் முன் ஒரு நிமிடம்!

மேச்சேரி பக்கம் பழைய ஓட்டு வீடு ஒழுகினால் போதும், "ஓட்டைத் தள்ளிட்டு சீட் போட்டுடுங்க" என்கிறார்கள். அவர்களையும் குறை சொல்ல முடியாது. ஓடு மாற்றத் தெரிந்த ஆள் கிடைப்பது கஷ்டம். குரங்கு ஏறினால் பத்து ஓடு போச்சு. ரீப்பர் விலையைக் கேட்டால் தலை சுற்றுகிறது!

ஆனால் சிமெண்ட் சீட்டுக்குள் இருப்பது என்ன? பல சீட்டுகளில் சிமெண்டோடு ஆஸ்பெஸ்டாஸ் நாரும் கலந்திருக்கிறது. அதன் தூசி புற்றுநோயைக் கொண்டு வரும் என்று உலக சுகாதார நிறுவனமே சொல்கிறது. நோய் வெளியே தெரிய 20, 30 வருஷம்கூட ஆகலாம். இங்கிலாந்து 1999-லேயே தடை போட்டுவிட்டது. நாமோ அந்த நாரை வெளிநாட்டிலிருந்து வரவழைத்து சீட் செய்கிறோம்.

மேலே சும்மா கிடக்கும் சீட்டால் பயம் குறைவு. அறுக்கும்போதும், துளை போடும்போதும், உடைக்கும்போதும்தான் வினை. அந்த வேலையைச் செய்வது யார்? தினக்கூலிக்கு வரும் ஆட்கள். மூக்கில் துண்டைக் கட்டினாலும் அந்தத் தூசி நிற்காது. சித்திரை மத்தியானம் சீட்டுக்கு அடியில் படுக்கும் அவஸ்தை தனிக் கதை.

மரம் கெட்டியாக இருந்தால் உடைந்த ஓட்டை மட்டும் மாற்றுங்கள். சீட்தான் வேண்டுமென்றால் "ஆஸ்பெஸ்டாஸ் கலக்காதது கொடுங்க" என்று கடையில் கேட்டு வாங்குங்கள். விலை கூடுதலாக இருந்தாலும் சரி.

பேரூராட்சிக்கும் ஒரு வார்த்தை. உடைந்த சீட்டைத் தெருவோரம் கொட்டாமல் இருக்க ஓர் இடம் ஒதுக்கினால் என்ன?