சிவப்பு விளக்கின் மரியாதை

பெங்களூருவில் ஒரு சாஃப்ட்வேர் அலுவலகம். சுவரில் பெரிய திரை. புரோகிராமர் யாராவது ஒரு வரியை மாற்றினால் போதும், கம்ப்யூட்டர் மென்பொருள் முழுவதையும் புதிதாகக் கட்டி, ஏற்கெனவே எழுதி வைத்த சோதனைகளைத் தானாகவே ஓட்டிப் பார்க்கும். எல்லாம் தேறினால் திரையில் பச்சை. ஒன்று தவறினாலும் சிவப்பு.

நான் அங்கே வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே சிவப்பு. பதறிப்போய்ப் பக்கத்து இருக்கைக்காரரிடம் சொன்னேன். "அது அப்படித்தான். இன்னொரு தடவை ஓட்டுங்க, பச்சை ஆயிடும்" என்றார், தலையைத் திருப்பாமல். ஆனது.

சில மாதங்கள் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை மாலை மறுபடியும் சிவப்பு. வழக்கப்படி மறுபடி ஓட்டினோம். மூன்றாவது முறை பச்சை வந்தது. மென்பொருளை வாடிக்கையாளருக்கு அனுப்பிவிட்டு வீட்டுக்குப் போனோம். திங்கட்கிழமை தெரிந்தது: சிலருடைய கணக்கில் ஒரே தொகை இரண்டு முறை பிடிக்கப்பட்டிருந்தது. அந்தச் சிவப்பு உண்மையைச் சொல்லியிருக்கிறது. நாங்கள்தான் நம்பவில்லை.

காரணம் சோம்பேறித்தனம் மட்டுமல்ல. இரண்டு விதமான சோதனைகளை ஒரே மூட்டையில் கட்டி வைத்திருந்தோம். ஒரு வகை சின்னச் சோதனை: வட்டிக் கணக்கு சரியா, தேதி சரியா என்று ஒரே ஒரு துண்டை மட்டும் பார்க்கும். கண் இமைப்பதற்குள் முடிந்துவிடும். எந்த இயந்திரத்தில் ஓட்டினாலும் ஒரே பதில்தான். மற்றது பெரிய சோதனை: டேட்டாபேஸ், சர்வர், நெட்வொர்க் எல்லாம் உயிரோடு இருந்தால்தான் ஓடும். நெட்வொர்க் சற்றுத் தூங்கினாலும் இது தோற்கும். இரண்டையும் கலந்தால், பெரியதன் தாமதமும் சஞ்சலமும் சின்னதற்கும் ஒட்டிக்கொள்கின்றன. எந்தச் சிவப்பு நிஜம், எது நெட்வொர்க்கின் தும்மல் என்று யாருக்கும் தெரிவதில்லை.

தீர்வு புதிதல்ல. ஜாவா உலகில் பலரும் பயன்படுத்தும் 'மேவன்' என்ற கருவியில் சின்னச் சோதனைகளுக்கு 'ஷ்யூர்ஃபயர்', பெரியவற்றுக்கு 'ஃபெயில்சேஃப்' என்று இரண்டு தனி ஏற்பாடுகள் உண்டு. முதலாவது, தவறு கண்டால் வேலையை அங்கேயே நிறுத்தும். இரண்டாவது அவசரப்படாது. சோதனைக்காகத் திறந்த சர்வர்களை மூட இடம் கொடுத்து, அதன் பிறகே தோல்வியை அறிவிக்கும்.

இதே ஊரில், இதைவிடப் பெரிய பணயத்தோடு இந்தப் பாடத்தைப் படித்தவர்கள் இஸ்ரோகாரர்கள். 2019 செப்டம்பர் 7 அதிகாலை, நிலவில் இறங்கும்போது சந்திரயான்-2-இன் விக்ரம் தொடர்பை இழந்தது. அடுத்த முறை, எதெல்லாம் தவறக்கூடும் என்று கேட்டுக்கொண்டே வடிவமைத்ததாக அப்போதைய தலைவர் சோமநாத் 2023-இல் சொன்னார். தரையிறங்கு கலத்தின் சோதனைகளும் தனித்தனியாக நடந்தன. உணரிகளும் வழியறியும் முறையும் ஒழுங்கா என்று பார்க்க ஹெலிகாப்டர். உணரிகள், இயக்கும் கருவிகள், வழிகாட்டும் அமைப்பு எல்லாம் ஒன்றுக்கொன்று சரியாகப் பதில் சொல்கின்றனவா என்று பார்க்க டவர் கிரேன். கால்கள் தாங்குமா என்று பார்க்கச் செயற்கை நிலவு மண் பரப்பிய களம். ஹெலிகாப்டரில் தவறு வந்தால் யாரும் கால்களைக் குறை சொல்லப் போவதில்லை. 2023 ஆகஸ்ட் 23 மாலை 6.04-க்கு விக்ரம் நிலவில் நின்றது.

பிரித்தால் மட்டும் போதுமா? போதாது. 1999-இல் நாசாவின் செவ்வாய்க் கலம் ஒன்று தொலைந்தது. தரையில் இருந்த ஒரு மென்பொருள் பவுண்டு அளவில் கணக்குச் சொன்னது. அதை வாங்கிய இன்னொன்று நியூட்டன் என்று எடுத்துக்கொண்டது. தவறு இரண்டும் சந்திக்கும் இடத்தில் இருந்தது. சேர்த்துப் பார்க்கும் பெரிய சோதனைதான் அதைப் பிடிக்க முடியும். எனவே, பிரிப்பது பெரியதைத் தள்ளி வைப்பதற்கான சாக்கு அல்ல.

எங்கள் அலுவலகத்திலும் பிறகு பிரித்தார்கள். சின்னவை ஒவ்வொரு மாற்றத்துக்கும், காப்பி ஆறுவதற்குள். பெரியவை தினமும் இரவில், தனித் திரையில். அடிக்கடி காரணமின்றித் தோற்ற சோதனைகளை ஒவ்வொன்றாகப் பிடித்துச் சரிசெய்தார்கள், முடியாதவற்றை நீக்கினார்கள். வாரக்கணக்கில் சலிப்பூட்டும் வேலை. யாருக்கும் பதவி உயர்வு கிடைக்கவில்லை.

ஆனால் ஒரு நாள் திரை சிவந்தபோது, அந்தப் பக்கத்து இருக்கைக்காரர் தலையைத் திருப்பினார். "என்ன தப்பு பண்ணினோம்?" என்று கேட்டார்.